பூப்பது ஒன்று, பறப்பது ஒன்று

மட்டாஞ்சேரி பஜார் சாலையில் ஒருவர் தும்மினால் யாரும் காரணம் தேடுவதில்லை. மிளகும் சுக்கும் மஞ்சளும் வற்றல் மிளகாயும் தலைமுறை தலைமுறையாகச் சாக்கு மாறிய தெரு அது. பண்டகசாலைக் கதவு திறந்தாலே காரம் மூக்கில் ஏறும். அதே ஆள் மேற்கே நடந்து, ஃபோர்ட் கொச்சிப் பரேடு மைதானத்தருகே மரநிழலில் நின்று தும்மினால் கை தானாக மேலே போகும். அண்ணாந்து பார்த்து, ‘இந்த மரம்தான்’ என்பார்கள். மேலே விரிந்திருப்பது பெரும்பாலும் தூங்குமூஞ்சி மரமாக இருக்கும். கண்ணுக்குத் தெரியும் பூவும் மூக்குக்குத் தெரியும் மணமும் உள்ள மரத்தின் மேல்தான் பழி விழுகிறது. மகரந்த ஒவ்வாமையைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு பாதிதான் சரி. மிச்சப் பாதியில்தான் ஊர் மரங்களைப் பற்றிய முடிவுகள் தவறிப்போகின்றன.

கொச்சியின் மேற்குப் பகுதியில் நிழல் சமமாகப் பங்கிடப்படவில்லை. மட்டாஞ்சேரியில் வீடும் கடையும் கிடங்கும் தோளோடு தோள் உரசி நிற்கின்றன, மரத்துக்கு இடமில்லை. ஃபோர்ட் கொச்சியின் அகலச் சாலைகளும் மைதானங்களும்தான் பெருமரங்களின் இடம். அங்குள்ள வேலி மைதானத்துத் தூங்குமூஞ்சியை டிசம்பர் கடைசியில் விளக்குகளால் மூடிவிடுவார்கள். அதைப் பார்க்கவே கூட்டம் வரும். தூங்குமூஞ்சி, குல்மோகர், மஞ்சள் வாகை என்று கேரளத்தில் சொல்லும் பெருங்கொன்றை, விஷுக் கணியில் வைக்கும் சரக்கொன்றை ஆகியவைதாம் இங்கே அழகுக்காக வளரும் மரங்களில் முக்கியமானவை. மழை இல்லாத மாதங்களில், ஒன்றன்பின் ஒன்றாகவோ ஒன்றோடொன்று கலந்தோ, தெருவைப் பூவால் மூடுவதும் இவைதாம்.

இவற்றில் மூன்று மரங்கள் வந்தேறிகள். தூங்குமூஞ்சி நடு அமெரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் இருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து. பெருங்கொன்றையின் தாயகம் தென்கிழக்கு ஆசியாவும் வட ஆஸ்திரேலியாவும். இதைச் சரிபார்க்கக் கொச்சியிலேயே ஒரு பழைய ஆவணம் உண்டு. டச்சுக்காரர்கள் 1663இல் கொச்சியைப் பிடித்த பிறகு இங்கே ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் தாவரங்களைத் தொகுத்தார். ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற அந்தத் தொகுப்பு 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சானது. செடிகளை அடையாளம் காட்டியவர்களில் இட்டி அச்சுதன் என்ற ஈழவ வைத்தியரும் மூன்று கொங்கணி வைத்தியர்களும் முக்கியமானவர்கள். முதல் தொகுதியின் முதல் மரம் ‘தெங்கு’, அதாவது தென்னை. கொன்றையும் பாலையும் அதே தொகுதியில் உண்டு. இன்றைய சாலைகளின் தூங்குமூஞ்சியும் குல்மோகரும் அதில் இல்லை. நிழலும் நிறமும் விரைவான வளர்ச்சியும் பார்த்து, ஆங்கிலேயர் காலத்து நாற்றங்கால்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மரங்கள் அவை. மூக்கைக் கேட்டு யாரும் தேர்ந்தெடுக்கவில்லை.

ஆனாலும் அந்தத் தேர்வு தற்செயலாக மூக்குக்குச் சாதகமாகவே அமைந்தது. பூவுக்கு நிறமும் தேனும் மணமும் எதற்கு? தேனீயையும் அந்துப்பூச்சியையும் வரவழைக்க. பூச்சியை நம்பும் மரம் மகரந்தத்தைக் குறைவாகவே செய்யும். செய்வதையும் பிசுபிசுப்பாக, கனமாகச் செய்யும், பூச்சியின் உடம்பில் ஒட்ட வேண்டுமே. காற்றை நம்பும் மரத்தின் கதை வேறு. இலக்கு தெரியாது என்பதால் கோடிக்கணக்கில் செய்ய வேண்டும். வழுவழுப்பாக, காய்ந்ததாக, இலேசாகச் செய்ய வேண்டும். அதன் பூவுக்கு நிறம் வீண் செலவு. யாரும் நின்று பார்க்காத பூதான் நம் நுரையீரலை நோக்கிப் பறக்கிறது.

தூங்குமூஞ்சியின் மகரந்தம் தனித்தனி மணியாக வெளியேறுவதில்லை. முப்பது மணிகள் வரை ஒரே வில்லையாக ஒட்டிக்கொண்டு வரும். அந்த வில்லையின் குறுக்களவு 100 மைக்ரானைத் தொடும், தலைமுடியின் தடிமனைக் காட்டிலும் அதிகம். காற்று மகரந்தங்களில் பல 20 முதல் 40 மைக்ரானுக்குள் நிற்கின்றன. இந்த வித்தியாசத்தின் விளைவைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். நீரின் அடர்த்தி உள்ள 30 மைக்ரான் உருண்டை அசையாத காற்றில் நொடிக்கு 2.7 சென்டிமீட்டர் வேகத்தில் இறங்கும். 100 மைக்ரான் உருண்டை 25 சென்டிமீட்டர் இறங்கும். மரக்கிளை 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கடற்காற்று நொடிக்கு 2 மீட்டர் வீசுகிறது என்று வைத்துக்கொள்வோம். சின்ன மணி தரையைத் தொடுமுன் 700 மீட்டருக்கு மேல் போய்விடும். பெரிய வில்லை 80 மீட்டரிலேயே விழுந்துவிடும். காற்றின் சுழலும் கட்டட மறைப்பும் ஈரமும் இந்த எண்களைக் கலைக்கும் என்றாலும், ஒன்று அடுத்த வார்டுக்குப் போகிறது, இன்னொன்று தன் மரத்தடியிலேயே தங்குகிறது என்ற வேறுபாடு மாறாது.

மரத்தேர்வு தவறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இஸ்லாமாபாத் சாட்சி. 1960களில் புதிதாக எழுந்த அந்தத் தலைநகரைச் சீக்கிரம் பசுமையாக்கக் காகித மல்பெரி மரங்களைப் பெருமளவில் பரப்பினார்கள். காற்றை நம்பும் மரம், ஆண் பெண் தனித்தனி. மார்ச் மாதத்தில் அங்கே ஒரு கன மீட்டர் காற்றில் 40,000க்கும் அதிகமான மகரந்த மணிகள் எண்ணப்பட்ட நாட்கள் உண்டு. மருத்துவமனைகள் நிரம்பும், வசதி உள்ளவர்கள் ஊரைவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மரத்தில் கண்ணைக் கவரும் பூ ஒன்றுமில்லை. ஜப்பானில் போருக்குப் பின் மலை மலையாக நட்ட சுகி என்னும் ஊசியிலை மரங்களுக்கும் இதே வரலாறுதான்.

கொச்சியில் அந்த இடத்தில் நிற்கும் மரம் எது? ரீடின் முதல் மரம்தான். தென்னை பூச்சியையும் நம்பும், காற்றையும் நம்பும். காய்க்கும் மரத்தில் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை வெடிக்கிறது. ஒரு பாளையில் பெண் பூக்கள் சில பத்து இருந்தால் ஆண் பூக்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும். அவை நாள்கணக்கில் உதிர்ந்துகொண்டே மகரந்தத்தைக் கொட்டும். அதனால் தென்னை மகரந்தத்துக்குப் பருவம் என்று தனியாக ஒன்று கிடையாது. ஆண்டு முழுவதும் அது காற்றில் உண்டு. கொல்கத்தா ஆய்வாளர்கள் 1990களிலேயே தென்னை மகரந்தத்திலிருந்து, ஒவ்வாமைக்காரர்களின் ஐஜிஈ எதிர்ப்பொருளோடு வினைபுரியும் புரதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். பிப்ரவரியில் தொடங்கி மே மாதத்தில் முடியும் தும்மலுக்குப் பூமரத்தைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. ஆண்டு முழுவதும் விடாத மூக்கடைப்புக்குக் குல்மோகரைக் குற்றம் சொன்னால் நாட்காட்டியே ஒத்துவராது. (கள்ளுக்குச் சீவும் தென்னை இந்தக் கணக்கில் சேராது. பாளை விரியுமுன்பே கட்டிச் சீவிவிடுவதால் அது மகரந்தம் விடுவதில்லை. கள்ளுக்கு இப்படி ஒரு நற்சான்று யாரும் தந்ததாகத் தெரியவில்லை.)

கடலோரத்துக்கு இன்னொரு மரம் உண்டு: சவுக்கு. மலையாளத்தில் காற்றாடி மரம். மணலைப் பிடித்து நிறுத்தவும் காற்றைத் தடுக்கவும் கேரளக் கடற்கரையிலும் நம் கிழக்குக் கரையிலும் நட்டது. முழுக்க முழுக்கக் காற்றை நம்பும் மரம். பெங்களூரில் எஸ்.என். அகாஷேயும் சக ஆய்வாளர்களும் ஆண்டுக்கணக்கில் செய்த காற்று மாதிரி ஆய்வுகளில் சவுக்கு மகரந்தம் முக்கியமான இடத்தைப் பிடித்தது. சாலையோரத்திலோ பள்ளிச் சுற்றுச்சுவரை ஒட்டியோ சவுக்கை வரிசையாக நடுவதற்கு எதிராக வைக்கக்கூடிய வாதம், தூங்குமூஞ்சிக்கு எதிரானதை விட வலுவானது. ஆனால் சவுக்கைக் கண்டு முகம் சுளிப்பவர் அரிது.

அப்படியானால் பூமரங்கள் நிரபராதிகளா? அப்படித் தீர்ப்பெழுதவும் முடியாது. கொல்கத்தாவில் போஸ் ஆய்வு நிலையத்தின் ஸ்வாதி குப்தா பட்டாச்சார்யாவும் சக ஆய்வாளர்களும் 2000களில் குல்மோகரையும் பெருங்கொன்றையையும் குறிப்பாக எடுத்துக்கொண்டு ஆராய்ந்தார்கள். அந்நகரத்தின் சாலைகளில் மிகுந்து நிற்கும் மரங்கள் அவை. பூச்சியை நம்பும் மரங்களாக இருந்தும் அவற்றின் மகரந்தம் காற்று மாதிரியில் சிக்கியது. சுவாச ஒவ்வாமை உள்ளவர்களில் ஒரு பகுதியினரின் தோல் பரிசோதனையில் வினை தெரிந்தது. ஒவ்வாமைப் புரதங்களும் அடையாளம் காணப்பட்டன. தோலில் தடிப்பு வந்தால் அது உடம்பின் உணர்திறனைக் காட்டும். நோய்க்கு அதுவே காரணம் என்று நிரூபிக்காது. அறிகுறி வரும் மாதமும் அந்த மரம் பூக்கும் மாதமும் பொருந்த வேண்டும், மரத்தடி விட்டால் குறைய வேண்டும். இந்த நிபந்தனைகளோடு பார்த்தாலும் பூமரங்களை முழுதாக விடுவிக்க முடியாது.

இங்கே ஒரு கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகம் முழுவதும் மகரந்தத்தை எண்ணப் பயன்படுவது ஜே.எம். ஹர்ஸ்ட் 1952இல் வடிவமைத்த பொறியின் வழிவந்த கருவி. பர்க்கார்ட் பொறி என்பார்கள். நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை உறிஞ்சும், ஏறத்தாழ ஒரு மனிதர் ஓய்வாக மூச்சுவிடும் அளவு. உள்ளே பசை பூசிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் நகரும். பிறகு அதை நுண்ணோக்கியில் வைத்து மணி மணியாக எண்ணுவார்கள். கருவி பெரும்பாலும் மாடிக் கூரையில் நிற்கும். ஊர்க் காற்றின் பொதுச் சராசரியைப் பிடிக்க அதுதான் சரியான இடம். ஆனால் கனமான மகரந்தம் கூரைக்கு ஏறாது. மரத்துக்குக் கீழே, தெருவில், மூக்கு மட்டத்தில் சுற்றும். பூமரங்களின் பங்கு கூரைக் கணக்கில் குறைவாகத் தெரிவதற்கு அவற்றின் இயல்பு ஒரு காரணம். கருவி நிற்கும் உயரம் இன்னொரு காரணம்.

உதிர்ந்த பூ இன்னொரு கணக்கு. பெருங்கொன்றை பூத்து முடிந்த வாரங்களில் மஞ்சள் இதழும் மகரந்தப் பையும் சாலையில் படிந்து காய்ந்து, ஆட்டோச் சக்கரத்தில் அரைபட்டுப் பொடியாகின்றன. மரத்திலிருந்து நேராக விழுந்தபோது முழு மணியாக இருந்தது இப்போது துண்டு துண்டாகக் கிளம்புகிறது. 10 மைக்ரானுக்குக் குறைந்த துகள் மூக்கின் வடிகட்டலைத் தாண்டும். 5 மைக்ரானுக்குக் கீழே போனால் நுரையீரலின் ஆழத்துக்கு எட்டும். மூக்கில் முடிந்திருக்க வேண்டிய தொல்லை மார்புக்கு இறங்கும் வழி இது. இதில் முதலில் மாட்டிக்கொள்பவர் துடைப்பத்தோடு வரும் தூய்மைப் பணியாளர். மரத்தடியில் நாள் முழுதும் கடை போட்டிருப்பவர் அடுத்தவர்.

மரத்தைக் குற்றம் சாட்டுவது கேரளத்துக்குப் பழக்கமான விவகாரம். 1980களில் உலக வங்கிக் கடனுதவியோடு சமூகக் காடு வளர்ப்புத் திட்டம் நடந்தது. சாலையோரம், பள்ளி வளாகம், புறம்போக்கு என்று எங்கும் ஆஸ்திரேலிய அக்கேஷ்யா ஊன்றப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அதன் மஞ்சள் தூள்தான் ஆஸ்துமாவைக் கொண்டுவந்தது என்ற பேச்சு கிளம்பியது; இன்றும் அடங்கவில்லை. அக்கேஷ்யாவின் மகரந்தமும் 16 மணி சேர்ந்த வில்லைதான். அதிலும் ஒவ்வாமைப் புரதங்கள் உண்டு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே புகார் வெறும் கற்பனை அல்ல. ஆனால் அதே ஆண்டுகளில் கேரளத்தில் வாகனமும் சிமெண்டு வீடும் பெருகின, நெல்வயல் மேடானது. ஒரே மரத்தின் மேல் மொத்தச் சுமையையும் ஏற்றியது அரசியலுக்கு வசதியாக இருந்தது. பின்னால், 2021இல், காடுகளிலிருந்து அக்கேஷ்யாவையும் யூகலிப்டஸையும் படிப்படியாக விலக்கும் சூழல் மீட்புக் கொள்கையைக் கேரளம் ஏற்றபோது அங்கே முன்னின்ற வாதங்கள் வேறு: காட்டின் நீரும் உயிர்ப்பன்மையும்.

ஏழிலைப்பாலையின் வழக்கு இன்னும் விசித்திரமானது. யட்சி குடியிருக்கும் மரம் என்று கேரளம் முழுக்கக் கதை. மழை ஓய்ந்தபின் இரவில் அது பூக்கும்போது வீசும் மணம் சிலருக்குத் தலைவலியும் மூக்கெரிச்சலும் மூச்சுத் திணறலும் தருகிறது. டெல்லியிலும் அழகுக்காக வரிசையாக நட்டுவிட்டு அதே புகாரைக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இது பூச்சிகளை நம்பும் மரம். தொல்லை தருவது பெரும்பாலும் மணப்பொருள்களின் எரிச்சல். மகரந்தப் புரதத்துக்கு எழும் ஐஜிஈ ஒவ்வாமையின் வழி வேறு. அனுபவிப்பவருக்கு இரண்டும் ஒன்றுதான். மருந்தைத் தேர்வு செய்யும் மருத்துவருக்கு ஒன்றல்ல. இலவம் பஞ்சின் கதையும் இதே ரகம்: கண்ணெதிரே பறக்கும் பஞ்சைப் பார்த்து அஞ்சுகிறோம், அது மூக்குக்குள் போகக்கூடிய அளவே இல்லை.

தும்மலுக்கும் மகரந்தத்துக்கும் முடிச்சுப் போட்டு நிரூபித்தவர் மான்செஸ்டர் மருத்துவர் சார்லஸ் பிளாக்லி. தாமே நோயாளி; தம் மேலேயே சோதனை செய்து, பட்டத்தில் பசைக் கண்ணாடி கட்டி உயரத்துக் காற்றிலும் மகரந்தம் பிடித்தார். அவருடைய நூல் வந்த ஆண்டு 1873. அதே 1873இல் கல்கத்தாவில் டி.டி. கன்னிங்ஹாம் சிறைச்சாலைகளின் காற்றைப் பிடித்து, வித்துத்துகளையும் மகரந்தத்தையும் படம் வரைந்து வெளியிட்டார். அவர் தேடியது காலராவின் காரணத்தை. காற்றில் அது கிடைக்கவில்லை. ஆக, காற்றில் மகரந்தம் தேடுவதில் இந்தியா பின்தங்கிய நாடு அல்ல. டெல்லியில் வல்லபாய் படேல் மார்புநோய் நிறுவனத்தில் டி.என். சிவபுரி 1950களிலிருந்து இதை மருத்துவத் துறையாகவே வளர்த்தார். சண்டிகருக்கு 2022இல் மகரந்த நாட்காட்டி வெளியானது. எந்த வாரம் எந்த மகரந்தம் மிகும் என்று அதைப் பார்த்து நோயாளி மருந்தை முன்கூட்டியே தொடங்கலாம். ஆனால் அந்த நாட்காட்டியைக் கொச்சிக்குக் கொண்டுவர முடியாது. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும், தென்னை சூழ்ந்த கடலோர ஊருக்கு இமயமலை அடிவாரத்துக் கணக்கு பொருந்தாது.

மழை மகரந்தத்தைக் கழுவித் தரையில் சேர்க்கும் என்பது உண்மை. ஜூன் பிறந்ததும் மரப் புகார்கள் குறையும். ஆனால் கோடை இடிமழையின் முதல் நிமிடங்கள் வேறு மாதிரி. நீர் உறிஞ்சிய மகரந்த மணி வெடித்து, 3 மைக்ரானுக்கும் சின்னதான மாவுத்துகள்களைக் கக்கும். 2016 நவம்பர் 21 அன்று மெல்பர்ன் நகரில் புல் மகரந்தம் இப்படிச் சிதறியதாகக் கருதப்படும் இடிப்புயலுக்குப் பின் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள்; 10 பேர் இறந்தார்கள். அங்கே குற்றவாளி மரமே இல்லை, புல்.

மழைக்காலம் கொச்சிக்காரருக்கு விடுமுறையும் அல்ல. ஈரத்தில் பூஞ்சையும் வீட்டுத் தூசு உண்ணியும் பெருகுகின்றன. சூரியன் எட்டிப்பார்க்காத மட்டாஞ்சேரி வீட்டின் மெத்தையும் தலையணையும் உண்ணிக்குச் சொர்க்கம். 1990களில் உலகம் முழுதும் குழந்தைகளிடம் நடந்த ஐசாக் ஆஸ்துமா ஆய்வில் கோட்டயமும் ஒரு மையம். இந்திய மையங்களில் மூச்சிரைப்பு மிகுந்த பக்கத்தில்தான் அது நின்றது. தென்னைக்கும் ஈரத்துக்கும் குறைவில்லாத மாவட்டம் அது, ஆனால் அலங்கார மரத் தெருக்களுக்குப் பேர்போனதல்ல. இதோடு டீசல் புகையைச் சேர்க்க வேண்டும்: டீசல் துகளும் ஒவ்வாமைப் பொருளும் சேர்ந்து மூக்கில் பட்டால் ஐஜிஈ உற்பத்தி கூடுகிறது என்று 1990களில் மனிதர்களிடமே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். லாரி நெரிசலில் நிற்கும் மரத்தின் மகரந்தமும் ஒதுக்குப்புற மரத்தின் மகரந்தமும் உடம்புக்கு ஒன்றல்ல. 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு தீப்பற்றி ஊரே நாள்கணக்கில் புகையில் மூழ்கியது. பூமரங்கள் பூக்கும் பருவத்தில்தான் அதுவும் நடந்தது. அந்த மாதத்து இருமலை யார் கணக்கில் எழுதுவது?

வெளிநாட்டு அறிவுரையை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் சிக்கல் உண்டு. மகரந்த மாதங்களில் சன்னலை மூடுங்கள், துணியை வெளியே உலர்த்தாதீர்கள் என்பது ஐரோப்பியப் பாடம். ஃபோர்ட் கொச்சி வேலியில், தலைமுறைகளுக்கு முன் இங்கே வந்து சேர்ந்த தமிழ் வண்ணார் குடும்பங்கள் நடத்தும் தோபி கானா இருக்கிறது. முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகி, கவ்வியே இல்லாமல் வெயிலில் காயவைக்கிறார்கள். அந்தத் துணியில் மகரந்தம் படியும் என்பது சரிதான். ஆனால் கொச்சியின் ஈரக்காற்றில் அதே துணியை வீட்டுக்குள் காயவைத்தால் அறையின் ஈரம் ஏறி உண்ணியும் பூஞ்சையும் கொழுக்கும். இந்த ஊரில் வெயிலே பெரிய மருந்து. துணியை வெயிலில் போட்டு, எடுக்கும்போது நன்றாக உதறுவதுதான் இங்கே செல்லுபடியாகும் யோசனை; பூமரத்துக்கு நேர் கீழே கொடி கட்டாமல் இருந்தால் போதும்.

புதிதாக நடும்போதுதான் உண்மையான கவனம் தேவை. வளைகுடா நகரங்களில் வேலிக்கும் நிழலுக்கும் பயன்படும் கோனோகார்ப்பஸ் இந்திய நாற்றங்கால்களிலும் பரவியது. வேகமாக வளரும், வாடாது, பராமரிப்புக் கேட்காது. நாற்றங்கால்காரருக்கு இதைவிட என்ன வேண்டும்? குஜராத் அரசு 2023இல் அதை நடுவதைத் தடைசெய்தபோது காட்டிய காரணங்களில் மகரந்தத்தால் வரும் சளி, இருமல், ஆஸ்துமாவும் உண்டு. அதன் ஒவ்வாமை வலிமை குறித்து ஆய்வாளர்களிடையே கருத்துவேறுபாடு இருக்கலாம். ஒரே இனத்தை ஊர் முழுக்க நடுவது தவறு என்பதற்கு இஸ்லாமாபாத் போதும். எந்த மகரந்தமும் ஓர் அளவைத் தாண்டினால்தான் தொல்லை. பத்து இனங்களைக் கலந்து நட்டால் எந்த ஒன்றும் அந்த அளவை எட்டுவது கடினம்.

நூறாண்டுத் தூங்குமூஞ்சியை வெட்டுவதற்கு ஒவ்வாமையைக் காரணமாகச் சொல்பவரிடம் இரண்டு கேள்விகள் கேட்கலாம்: நோயாளியின் தோல் பரிசோதனைப் பட்டியலில் தென்னை, சவுக்கு, புல், வீட்டு உண்ணி, பூஞ்சை எல்லாம் இருந்தனவா? அறிகுறி எந்த மாதங்களில் வருகிறது? இரண்டுக்கும் விடை மரத்தை நோக்கியே வந்தாலும், 80 மீட்டர் வட்டத்துச் சிக்கலுக்கு அந்த வட்டத்திலேயே தீர்வு உண்டு. கூரையில் ஒரு பொறி வைத்தால் மரத்தடியில் மூக்கு மட்டத்தில் இன்னொன்றும் வைக்க வேண்டும். மரத்தைச் சுற்றிய சிமெண்டுத் தளத்தைப் பெயர்த்து மண் விட்டால், உதிர்ந்த பூ ஈரத்தில் மட்கும், பொடியாகிக் கிளம்பாது. பிப்ரவரி முதல் மே வரை, சாலையில் வண்டி ஓடத் தொடங்குமுன், அதிகாலை ஈரம் காயாத நேரத்தில் நீர் தெளித்துப் பெருக்க வேண்டும். பெருக்குபவருக்கு முகக்கவசம் தர வேண்டும்.